பாடு முறையும் பரிக்கிரக பரிமாணமும்

 நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே அமைதி வேண்டும் என்று நாம் நாள்தோறும் வழிபாட்டின் முடிவில் வேண்டிக்கொள்கின்றோம். அந்த அமைதி எங்கிருந்து தொடங்குகிறது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

சோமதேவ சூரி 959-ஆம் ஆண்டில் இயற்றி முடித்த யசஸ்திலகம் என்னும் வடமொழிக் காவியத்தில் மிருகசேனன் என்னும் மீனவனின் கதை வருகிறது. பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருப்பர். இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். அவந்தி நாட்டிலே சிப்ரா ஆற்றில் மீன் பிடித்து வாழ்ந்தவன் மிருகசேனன். ஒருநாள் வலையைத் தோளில் இட்டுச் செல்லும் வழியில் முனிவர் ஒருவரைக் கண்டு, வலையை ஒருபுறம் வைத்து வணங்கித் தனக்கும் ஒரு விரதம் தருமாறு வேண்டினான். முனிவர் அவன் நிலையை உணர்ந்தவர். “இன்று உன் வலையில் முதலில் அகப்படும் மீனைக் கொல்லாது விட்டுவிடு” என்னும் அளவில் ஒரு விரதத்தை அருளினார். அவ்வாறே முதலில் விழுந்த பெருமீனுக்கு அடையாளமாக ஒரு துணிக்கிழிவைக் கட்டி நீரில் விட்டான். அடுத்த முறையும் அதே மீன் விழுந்தது. இவ்வாறு ஐந்து முறை அம்மீனே அகப்பட, ஐந்து முறையும் விடுத்தான். பொழுது சாய்ந்தது. வெறுங்கையோடு வந்தவனை மனைவி வீட்டினுள் சேர்க்கவில்லை. வெளியில் படுத்துறங்கியவன் அரவு தீண்டி மாண்டான். மறுபிறவியில் தனகீர்த்தி என்னும் வணிகர் குலச் செல்வனாய்ப் பிறந்து, தன்னைக் கொல்ல எடுத்த ஐந்து சூழ்ச்சிகளிலிருந்தும் தப்பினான் என்பது கதை.

ஐந்து முறை விட்டதற்கு ஐந்து முறை உயிர் தப்பினான் என்னும் வினைப்பயன் கணக்கையே இக்கதையைச் சொல்வோர் பெரிதும் எடுத்துரைப்பர். நாம் நின்று நோக்க விரும்புவது முனிவரின் செயலை. “தொழிலை விட்டொழித்து வா, பிறகு பேசலாம்” என்று அவர் கூறவில்லை. வலையை வீசுகின்றவன் கையிலேயே ஒரு வரம்பை வைத்தார். கொல்லாமைக்கு நெடுந்தொலைவில் நிற்பவனும் நடந்து வரத்தக்க ஒரு முதற்படியை அமைத்துத் தந்தார். இல்லறத்தார்க்கு அணுவிரதங்களை வகுத்த நம் ஆசாரியர்களின் உள்ளக்கிடக்கையும் இதுவே ஆகும்.

இம்முன்னுரை எதற்கு என்றால், நாம் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப் போவது ஒரு மீனவர் ஊர். “புலால் மறுத்த நாம் மீன்பிடிக்கும் ஊரிலிருந்து அறம் கற்பதா?” என்று வினவுவோர் உண்டு. வினா நேர்மையானதே. அவ்வூரார் செய்யும் தொழிலில் உயிர்க்கொலை உண்டு. அதனை நாம் ஒப்பவில்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் ஒருவரிடத்தில் குற்றம் ஒன்று காணப்படுவதனால் அவரிடத்தில் நல்லது யாதும் இராது என்று முடிவு கட்டுதல் ஒருபக்கக் காட்சி. அநேகாந்தம் பயின்ற குடியில் பிறந்தோர்க்கு அது தகாது.

புழலில் உள்ள ஆதிநாதர் கோயிலுக்குச் செல்லும் நம்மவர் பலர். அங்கிருந்து வடக்கே பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காடு வரும். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் விரிந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது, தென்கோடி தமிழகத்தைச் சேர்ந்தது. அத்தென்கோடியில் உள்ள மீனவக் குப்பங்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். அதனை அடுத்து நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்கள் உள்ளன. ஒன்றில் அம்மன் கோயில், ஒன்றில் மாதா கோயில், சற்று அப்பால் பள்ளிவாசல் என்று வழிபாட்டு முறைகள் வேறுபட்டாலும் நீர் ஒன்றே.

இவ்வூர்களில் வழங்கி வந்த ஒரு முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். மீன் கிடைக்கும் அளவை ‘மீன்பாடு’ என்கிறோம் அல்லவா? அச்சொல்லே இங்கு, வலையிடும் இடத்தையும் அவ்விடத்தில் வலையிடும் முறையையும் குறிக்கும். ஏரி பெரிதாயினும் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, ஏற்றவற்றத்தின்போது நீரோட்டத்தோடு இறால் செல்லும் பாதைகளே அவை. அங்கே கழி நட்டு வலை கட்டினால் ஒருவனுக்கு நிறையக் கிடைக்கும். எல்லாரும் முந்திக்கொண்டு கட்டினால் ஒருவன் வலை மற்றவன் வலையை மறைக்கும், பிறகு வலையை விட்டு ஆளை ஆள் பிடிக்க நேரும். வலிமையுடையோன் நல்ல இடத்தை நிரந்தரமாகப் பற்றிக்கொண்டால் ஏனையோர் அவனுக்குக் கூலிகள் ஆவர்.

இவ்விரண்டும் நேராமற் காக்க அவர்கள் சீட்டுப் போட்டனர். எந்த நாளில் யாருக்கு எந்தப் பாடு என்பது குலுக்கலில் தீரும். பிறகு முறை சுழன்று வரும். இன்று வளமான இடத்தில் வலை கட்டியவர் நாளை இடம் மாறியாக வேண்டும். இன்று ஒன்றும் கிடைக்காத இடத்தில் நின்றவருக்கும் நல்ல இடம் ஒருநாள் வரும். படகு பெரிது, செல்வாக்கு மிகுதி என்பதனால் ஒருவர் முறையை மற்றொருவர் கொள்ள முடியாது. முறை தவறினால் ஊர்ப் பெரியவர்கள் கூடி விசாரித்துத் தண்டம் விதிப்பர். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத இவ்வொழுங்கு, கேரளத்துக் கொச்சிக் காயலிலும், இலங்கையில் நீர்கொழும்புக் கடற்கழியில் கட்டுவலை இடுவோரிடத்தும் இதனை ஒத்த வடிவங்களில் உண்டு. அறிஞர்கள் பலர் இதனை ஆராய்ந்து நூல் எழுதியுள்ளனர்.

இதில் நம் சமயக் கண்ணுக்குப் புலப்படுவது யாது? நான்கு விரதங்களுக்குப் பின் ஐந்தாவதாக நாம் சொல்லும் பரிக்கிரக பரிமாணம், அதாவது மிகுபொருள் விரும்பாமை, பொருளே வேண்டாம் என்று இல்லறத்தானுக்குச் சொல்லவில்லை. இவ்வளவு போதும் என்று அவனே தனக்கு ஓர் அளவு வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. பாடு முறையும் ஓர் அளவே. நாம் தனித்தனியாக முனிவர் முன்னிலையில் ஏற்கும் அளவை அவர்கள் ஊராகக் கூடி ஏற்றனர். திருக்குறளைப் புரட்டிப் பாருங்கள். கிடைத்ததைப் பிறரோடு பகிர்தல் பற்றிய உயர்ந்த கருத்து ஒன்றை அதன் ஆசிரியர் ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை, விருந்தோம்பலிலும் வைக்கவில்லை. கொல்லாமை அதிகாரத்தில் வைத்தார். வகுப்பறையில் இதனைச் சொல்லும்போதெல்லாம், “இது இடம் மாறி வந்துவிட்டதா?” என்று கேட்கும் மாணவியர் இருந்தனர். இடம் மாறவில்லை. பங்கிட மறுப்பவன் ஒருநாள் கொலைக்கு வந்து சேருவான் என்பதை அறிந்தே அங்கு வைத்திருக்கிறார் என்பது நம் துணிபு.

இனி இம்முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பாடு உரிமை எல்லாருக்கும் உரியதன்று. குறிப்பிட்ட ஊர்களில், பட்டினவர் என்னும் மீனவர் குலத்தில் பிறந்த ஆடவர்க்கே பரம்பரையாக அவ்வுரிமை இருந்தது. ஏரிக்கரையிலேயே வாழும் ஏனைய குலத்தார்க்கும், நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும் சீட்டில் பெயர் இல்லை. இறால் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகி விலை ஏறிய பின்னர் ஏரிக்கு வருவோர் தொகை பெருகியது. எமக்கும் பங்கு வேண்டும் என்றனர் விடுபட்டோர். எம் முன்னோர் வகுத்த முறை என்றனர் உரியோர். பூசல்கள் விளைந்தன. முகத்துவாரம் மணல் தூர்ந்து ஏரி வளம் குன்றுந்தோறும் அப்பூசல் கூர்மையாயிற்று. ஏரியின் வடபகுதியில் ஆந்திர மீனவரோடும் இத்தகைய பிணக்கு உண்டு. நீரில் மாநில எல்லைக்கோடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆயினும் எல்லை தாண்டினாய் என்று வலையையும் படகையும் பறித்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் இரு தரப்பிலும் நேர்ந்துள்ளன.

ஆக, உள்ளிருப்போர்க்குள் நீதி வழங்கும் ஒழுங்கு, வெளியிருப்போர்க்கு மதிலாகவும் நிற்கக்கூடும். தம் குடிமக்களை அன்போடு பேணும் நாடுகள் அண்டை நாட்டாரிடம் வேறு முகம் காட்டுவதும் இவ்வகையினதே. சீட்டில் பெயரில்லாத மற்றொரு தரப்பும் உண்டு. அது மீன். அதற்காகப் பேச எவரும் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கீழைக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடித்தலை அரசு தடை செய்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் மீன்வளம் காப்பதே நோக்கம். பிறகு பிடிப்பதற்காகத்தான் இப்போது விடுகிறார்கள் என்பதை நாம் அறியாமலில்லை. மிருகசேனனும் தான் விட்ட மீனைத் தவிர மற்றவற்றைப் பிடிக்கும் எண்ணத்தோடுதான் இருந்தான்.

கோட்டைக்குப்பத்தின் பெயரிலேயே ஒரு கோட்டை இருக்கிறது. பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர் கட்டிய ஜெல்திரியா கோட்டையின் சிதைவுகளை இன்றும் புதர்களுக்கிடையே காணலாம். சோழமண்டலக் கரை வாணிகத்தைத் தமக்கே உரித்தாக்க வேண்டும் என்று போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் இங்கே மோதினர். பங்கு வைத்துக்கொள்ள இருவரும் உடன்படவில்லை. துணி வாங்க வந்த இடத்தில் வெடிமருந்து செய்யும் ஆலை வைத்தனர். இக்கரையிலிருந்து ஏழை எளியோரை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டேவியாவுக்குக் கொண்டு சென்றனர். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1825-இல் எஞ்சிய பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அவர்கள் விட்டுச்சென்றது இடுகாடு ஒன்று. எலும்புக்கூடு செதுக்கிய அதன் கல்வளைவைக் காண இன்று சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர்.

இரு வேந்தர்கள் ஒரே மண்ணை விரும்பினால் யாது செய்வது என்னும் வினாவுக்கு நம் புராணம் அன்றே விடை கூறியிருக்கிறது. ஆதிபகவனின் மக்களாகிய பரதனும் பாகுபலியும் படை திரட்டி எதிரெதிர் நின்றனர். சக்கரவர்த்திக்கு எல்லா மன்னரும் பணிய வேண்டும் என்பது பரதன் கருத்து. தந்தை தந்த நாட்டைத் தமையனுக்கு ஏன் பணிந்து ஆள வேண்டும் என்பது பாகுபலியின் கருத்து. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அப்போது இரு தரப்பு அமைச்சர்களும் தனியே கூடிப் பேசினர். இவ்விருவரும் சரம சரீரிகள், இப்பிறவியிலேயே வீடு பெறுவோர். போர் மூண்டால் இவர்களுக்கு ஒரு தீங்கும் வாராது. மடிவோர் இருபுறத்துப் படைவீரர்களே. ஆதலின் படைகள் விலகி நிற்க, இருவர் மட்டும் கண்ணாலும் நீராலும் மல்லாலும் பொருது தீர்த்துக்கொள்க என்றனர். மேல்சித்தாமூர் மலைநாதர் கோயிலில் பாறையில் செதுக்கப்பட்டிருக்கும் பாகுபலியை வணங்கும் நாம் அவர் துறவை நினைக்கிறோம், அது தக்கதே. அந்த அமைச்சர்களையும் சிறிது நினைக்க வேண்டும். போரால் யாருக்குத் துன்பம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அவர்களே. வென்றவர் நாட்டை விட்டு நீங்கினார் என்பது பின்னர் நிகழ்ந்தது.

இன்று பாக்கு நீரிணையில் நிற்பவரும் உடன்பிறந்தாரே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரு கரையிலும் பேசுவது தமிழ். 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அந்நீரில் ஒரு கோடு வரையப்பட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக்கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. கோடு வகுத்தார்களே தவிர, அதன் இருபுறமும் உள்ள மீனவர் எவ்வாறு முறை வைத்து வாழ்வது என்பதை வகுக்கவில்லை.

பிறகு நடந்ததை இரு கரையிலிருந்தும் கேட்க வேண்டும். இராமேசுவரத்து மீனவர், “எம் பாட்டனார் காலத்திலிருந்து அங்கே வலை வீசினோம். எம் கரையோரத்தில் மீன் இல்லை. கடன் வாங்கி விசைப்படகு வாங்கினோம். கடலுக்குப் போகாவிட்டால் வட்டி கட்டுவது எப்படி? போனால் சுடுகிறார்கள், சிறையில் அடைக்கிறார்கள், படகைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்” என்பர். துப்பாக்கிக் குண்டுக்குக் கணவரை இழந்த பெண்கள் இக்கரையில் உள்ளனர். யாழ்ப்பாணத்து மீனவர், “1983-இல் தொடங்கிய போர் 2009-இல் முடியும்வரை எம்மைக் கடலில் இறங்கவே விடவில்லை. எல்லாம் இழந்து, கடன்பட்டு வலை வாங்கி மீண்டும் இறங்கினோம். இரவில் எல்லை தாண்டி வரும் இழுவைமடிப் படகுகள் எம் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. கடலடியைச் சுரண்டிக் குஞ்சும் முட்டையும் மிஞ்சாமல் வாரிச் செல்கின்றன. செய்பவர் அயலார் அல்லர், எம் இனத்தாரே” என்பர். இருவர் கூற்றும் மெய். ஒன்றை மெய்யென்று சொல்வதற்காக மற்றதைப் பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை. மேடையில் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கரையையே பேசுகின்றனர்.

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலங்கை மீனவர் குழுவினர் தமிழகம் வந்தனர். சென்னையில் இரு நாட்டு மீனவர்களும் எதிரெதிரே அமர்ந்து பேசினர். இழுவைமடித் தொழிலை ஓராண்டுக்குள் கைவிடுவது, அதுவரை குறிப்பிட்ட நாள்களில், கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் மட்டும் பிடிப்பது என்னும் அளவில் உடன்பாடு கண்டனர். துன்பப்படுவோரே தமக்குள் வகுத்த பாடு அது. ஆனால் அரசுகளின் ஒப்புதல் கிட்டாமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் கூடினர். 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்திய அரசு, பாக்கு நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளாக மாற்ற மானியத் திட்டம் அறிவித்தது. குறிக்கோளில் சிறு பகுதியே நிறைவேறிற்று.

இவர்களுக்கு முறை வைத்து வாழத் தெரியாது என்று எண்ணிவிடலாகாது. இராமேசுவரத்திலேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பூசல் முற்றியபோது, வாரத்தில் மூன்று நாள் அவர்கள், நான்கு நாள் இவர்கள் என்று நாளைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரே கரையில் நாளைப் பங்கிட்டவர்கள், கோட்டுக்கு அப்பாலும் இப்பாலும் நாளைப் பங்கிட 2010-இல் முன்வந்தனர். ஆண்டுக்கொருமுறை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையினரும் ஒன்றாகக் கூடி வழிபட்டு, பண்டங்கள் மாற்றிக்கொண்டு திரும்புகின்றனர். அவர்களிடத்தே பகைமை ஊறிப்போகவில்லை. பரதன் பக்கத்து அமைச்சரும் பாகுபலி பக்கத்து அமைச்சரும் மரத்தடியில் கூடியது போல் தில்லியும் கொழும்பும் கூடி, மீனவர் எழுதிய உடன்பாட்டுக்குக் கையெழுத்திட வேண்டியதே எஞ்சியிருக்கிறது. இழுவைப் படகுக்காரரின் கடனை யார் தீர்ப்பது என்னும் வினாவுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். வயிற்றை மறந்து வகுத்த விரதம் நிலைப்பதில்லை. மிருகசேனனுக்கு விரதம் தந்த முனிவர் இதை அறிவார்.

ஊரார் கடலைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம்மவரில் பெரும்பாலார் பயிர்த்தொழில் செய்வோர், அல்லது செய்தோரின் மக்கள். நமக்குக் கடல் இல்லை, கிணறு உண்டு. அண்ணன் தம்பியர் நால்வருக்குரிய பங்குக் கிணற்றில் கவலை கட்டி இறைத்த காலத்தில் நாள்முறை இருந்தது. திங்கள் மூத்தவருக்கு, செவ்வாய் இளையவருக்கு என்று, பஞ்சாங்கம் பார்ப்பது போல் முறை பார்த்துப் பாய்ச்சினர். மோட்டார் வந்தது, முறை நாள் முறை மணியாயிற்று. பிறகு ஒருவர் தம் பங்கு நிலத்தில் ஆழ்குழாய் இறக்கினார். அடுத்தவர் அதனினும் ஆழமாக இறக்கினார். பங்குக் கிணறு வற்றிக் கள்ளி முளைத்தது. ஆழ்குழாய் இறக்கப் பணமில்லாத கடைசித் தம்பி நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். எந்த ஊர் என்று குறிப்பிட வேண்டியதில்லை. படிப்போர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரையே நினைத்துக்கொள்வர். இதில் எவரும் எவரையும் அடிக்கவில்லை, வைதுகொள்ளவும் இல்லை. அனைவரும் இராவுணவு கொள்ளாதவர்கள், நீரை வடிகட்டிக் குடிப்பவர்கள். வடிகட்டிக் குடித்த அந்நீர் யார் பங்கு நீர் என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை.

பரிக்கிரக பரிமாண விரதம் ஏற்போர் நிலம், வீடு, பொன், தானியம் முதலாகப் பத்து வகைப் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் மரபு உண்டு. அப்பட்டியலில் நிலத்தடி நீர் தனியே எண்ணப்படவில்லை. முந்நூறு அடி, நானூறு அடி கீழே சென்று அடுத்தவன் ஊற்றை இழுக்கும் கருவி அந்நாளில் இல்லை. இன்று அதனையும் சேர்த்தெழுதுவது ஆகமத்துக்கு மாறாகாது, அதன் கருத்துக்கு இசைவானதே என்று ஆசாரியப் பெருமக்களிடம் பணிவுடன் விண்ணப்பிக்கின்றோம்.

தசலக்ஷண பருவம் முடிந்ததும் க்ஷமாவணி நாள் வரும். எல்லாரும் எல்லாரிடத்தும் பிழை பொறுக்க வேண்டி நிற்போம். அஞ்சல் அட்டையிலும் தொலைபேசியிலும் எட்டாத் தொலைவில் உள்ளாரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது. வரப்புக்கு அப்பால் இருப்பவரிடம் கேட்பது சற்றுக் கடினம். இவ்வாண்டு அந்நாளில், ஒரே நிலத்தடி ஊற்றை உண்ணும் பங்காளிகள் நால்வரோ ஐவரோ கோயில் மண்டபத்தில் அமர்ந்து, கோட்டைக்குப்பத்தார் செய்வது போல் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் குலுக்கி, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை முறை வைத்துக்கொள்ளலாம். கிணறு இல்லாத கடைசித் தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தால் அவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். எடுத்த முறையைத் தாளில் எழுதி மோட்டார்க் கொட்டகைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், பிள்ளைகளும் படித்துத் தெரிந்துகொள்வர்.